புத்தியில்லாத மனிதனின் வீடு

ஊரில் உள்ள கதவுகளுக்கெல்லாம் பூட்டும் சாவியும் போட்டுக்கொடுத்துப் பிழைக்கிற ஒருவருக்குத் தன் வீட்டுக் கதவைப் பூட்ட முடியாமல் போனால், அதை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா? சந்தை முனையில் சாவி அறுக்கும் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரருக்கு அந்தக் கதிதான் வந்தது. முதலில் அவர் தாழ்ப்பாளைச் சந்தேகப்பட்டார். கழற்றி எண்ணெய் விட்டார். அப்புறம் கதவைச் சந்தேகப்பட்டு அடியில் இழைத்தார். அதற்கப்புறம் மனைவியைச் சந்தேகப்பட்டு, "கதவை அறைஞ்சு சாத்துறியா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் வாசல் நிலையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தபோதுதான் விளங்கியது. கதவு ஒரு தப்பும் செய்யவில்லை. வீடுதான் ஒரு பக்கமாகக் கிளம்பியிருந்தது.

நிலைக்கு மேலே தொடங்கிய விரிசல் கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குப் போய், அங்கே கட்டிலில் கிடந்த மாமனாரின் தலைமாட்டில் வந்து நின்றது. பக்கவாதம் அந்த மனிதரின் வலப்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, நாக்கை மட்டும் இது நமக்கு ஆகாது என்று விட்டுவிட்டுப் போயிருந்தது.

"மாப்ள, முன்னெல்லாம் இந்தச் செவுத்துல பல்லி மேலதான் போகும்," என்றார் மாமனார். "இப்ப உள்ள போயி, வெளிய வந்து, மறுபடி உள்ள போகுது. நாளைக்குப் பூனை போகும். அதுக்கப்புறம் நானே போயிடுவேன். நீங்க கதவைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"மழைக்கு முன்னாடி ஏதாவது பண்ணுங்க," என்றாள் மனைவி. "நாம ரெண்டு பேரும் ஓடிடுவோம். அப்பாவை யாரு தூக்கிட்டு ஓடுறது?"

வீடு திருச்சபையின் குடியிருப்புத் திட்டத்தில் கட்டியது. ஏழை விசுவாசிகளுக்காக, ஆற்றுமுகத்தில் மணலைக் கொட்டி மேடாக்கி, வரிசையாக எழுப்பிய வீடுகள். அனுமதியில்லாமல் சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். ஆகையால் பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு, ஒரு கொத்தனாரை வைத்து அடியில் கொஞ்சம் கான்கிரீட் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கத் தலைமையகத்துக்குப் போனார்.

கட்டடப் பிரிவில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"விரிசல் எதனால?"

"அடியில வெறும் மணலுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மணலா? வீடு, மணல் ரெண்டும் சேந்து வந்தா அது எங்க கேஸ் இல்ல. மாடிக்குப் போங்க. உவமைத் துறை."

உவமைத் துறை பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். பிரசங்கத்தில் உவமை வரும் இடத்தில் சபையார் தவறாமல் தூங்குவதைத் திருச்சபை கவனித்தது. பிரசங்கம் நீளமா என்று யாரும் யோசிக்கவில்லை. விதைக்கிறவனையும் மேய்ப்பனையும் ஜனங்கள் கண்ணால் பார்த்ததில்லை, அதுதான் குறை என்று முடிவாயிற்று. பார்க்கவைப்பதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு தலைவர், தலைவர் சொல்வதற்கு அர்த்தம் சொல்ல ஒரு விளக்கவுரையாளர். அந்த அம்மாளை எல்லாரும் விளக்கவுரை அம்மா என்றுதான் அழைத்தார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் அழைத்ததாகக் கேள்வி.

மாடி ஜன்னலிலிருந்து துறையின் சாதனைகளைப் பார்க்கலாம். கீழே மைதானத்தில் ஒருவர் விதை தூவிக்கொண்டிருந்தார். வழியோர நிலம், கல் நிலம், முள் நிலம் மூன்றையும் துறை கண்ணும் கருத்துமாகப் பராமரித்தது. முள்ளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர். நல்ல நிலத்துக்குத்தான் இடம் போதவில்லை. பக்கத்து அறையில் ஓர் அம்மாள் காணாமற்போன காசைத் தேடிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒருமுறை கிடைத்தே விட்டதாம். துறைக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அவரைக் கண்டித்து, காசைப் பிடுங்கி வேறிடத்தில் ஒளித்துவைத்த பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. வராந்தாவில் காணாமற்போய்க் கிடைத்த ஆடு ஒன்று, கழுத்தில் ரிப்பனோடு தனியாக நின்றது.

"நூறு ஆட்டுல மத்த தொண்ணூத்தொன்பதும் எங்கங்க?" என்று பூட்டுக்காரர் சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"வனாந்தரத்துல விட்டுட்டுத்தான் இதைத் தேடப் போனோம்," என்றார் விளக்கவுரை அம்மா. "திரும்பிப் போய் அதுகளைப் பாக்கணும்னு உவமையில எங்கயும் இல்ல."

பூட்டுக்காரர் தன் குறையைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லத் தலைவரின் முகம் மலர்ந்தது. மற்றவர்களின் துன்பத்தைக் கேட்டுப் பழகிய, பஞ்சு போன்ற குரல் அவருக்கு.

"தம்பி, உங்களை ஆண்டவர்தான் அனுப்பியிருக்கார். மணல்மேல கட்டின புத்தியில்லாதவன் வீடு மழையில விழும், பாறைமேல கட்டின புத்திசாலி வீடு நிக்கும்னு வேதத்துல வருதே, அந்த மணல் வீட்டுக்காக எவ்வளவு காலமாக் காத்திருக்கோம் தெரியுமா? மணல்ல வீடுங்க நிறைய இருக்கு. எல்லாம் விழ மாட்டேங்குது."

"அது விழாம இருக்கத்தாங்க நான் வந்தேன்."

"எவ்வளவு பணிவா பேசுறார் பாருங்க," என்றார் தலைவர் விளக்கவுரை அம்மாவிடம்.

மறுநாளே இருவரும் வீடு பார்க்க வந்தார்கள். கூடவே திருச்சபையின் இஞ்சினியர். அந்த வீடுகளைக் கட்டியவர் அவர்தான். விரிசலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, பழைய நண்பரைக் கண்டது போல் சிரித்தார்.

"முதல்தர மணல்," என்றார். "நானே நின்னு கொட்ட வெச்சேன். ஏழைகளுக்குக் கட்டுறப்ப நான் ஆழமாத் தோண்டறதே இல்லைங்க. அஸ்திவாரம் பலமா இருந்துட்டா விசுவாசத்துக்கு அங்க என்ன வேலை?"

தலைவர் கண்களை மூடி, "ஆமென்," என்றார்.

பூட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. மணல்ல கட்டினவன்தானே புத்தியில்லாதவன்? கட்டினது இவருங்க. நான் குடிவந்தவன்."

விளக்கவுரை அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அடியில மணல்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இப்ப தெரியுங்க."

"தெரிஞ்சும் உள்ள இருக்கீங்க."

"போக வேற இடம் இல்லைங்களே."

"புத்தியில்லாத மனுஷன் பேசினா இப்படித்தான் பேசுவான்னு நான் எப்பவும் நெனச்சிருக்கேன்," என்றார் அவர் தலைவரிடம். குரலில் நிஜமான நெகிழ்ச்சி இருந்தது.

பாறையில் கட்டிய புத்திசாலிக்கும் ஓர் ஆள் வேண்டுமே. இஞ்சினியர் தரையைப் பார்த்துக்கொண்டு, தமக்குக் குன்றின் மேல் ஒரு வீடு இருப்பதாகவும், அடியில் சுத்தமான பாறை என்றும், காருக்கும் நீச்சல் குளத்துக்கும் இடம் வேண்டி அதைக் கொஞ்சம் வெடிவைத்துக் குடைந்திருப்பதாகவும், தம்மைப் போய்ப் புத்திசாலி என்பது அதிகம் என்றும் தெரிவித்தார். அந்த அடக்கத்துக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "மாப்ள, வந்தவங்க முட்டுக்கொடுக்கப் போறாங்களா, இல்ல முட்டாள்னு சொல்லிட்டுப் போகப் போறாங்களா?"

சாயங்காலம் கதவில் பலகை அடித்தார்கள். 'புத்தியில்லாத மனிதனின் வீடு.' எழுத்து நன்றாக இருந்தது. ஆணி அடித்த அதிர்ச்சியில் விரிசல் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது. துறையார் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பேருந்துகள் வந்தன. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள், மாதர் சங்கத்தார், ஓய்வுபெற்ற போதகர்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து விரிசலைத் தடவினார்கள். மாமனாரைப் பார்த்து, "இவர் உவமையில வர்றாரா?" என்று கேட்டார்கள். "நான் பக்கவாதக்காரன்மா. இயேசு முன்னாடி கூரையைப் பிரிச்சு இறக்குவாங்களே, அந்தக் கேஸ்," என்றார் மாமனார். "இங்க கூரை தானா இறங்குதேன்னு படுத்திருக்கேன்."

ஒரு மாதர் சங்கத் தலைவி மனைவியிடம் கனிவாகக் கேட்டார். "புத்தியில்லாதவரோட குடும்பம் நடத்துறது கஷ்டமா இருக்காம்மா?"

"கஷ்டந்தாங்க," என்றாள் மனைவி. "காலையில வர்றாங்க, சாயந்தரம்தான் போறாங்க."

தலைவி அதைப் புரிந்துகொள்ளாமல் அவளைக் கட்டிக்கொண்டு ஜெபித்தார்.

சந்தை முனையிலும் அடி விழுந்தது. வழக்கமாக வரும் வாடிக்கைக்காரி ஒருத்தி சாவியை நீட்டிவிட்டு, சட்டென்று திரும்ப இழுத்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே. புத்தியில்லாதவர்னு சபையே சொல்லுது. உங்ககிட்டப் பூட்டு வாங்கிட்டு, நாளைக்குத் திருடன் வந்தா, என்னையும் ஏதாவது உவமையில சேத்துடுவாங்க." அப்புறம் யாரும் வரவில்லை. இயந்திரத்தின் பல்சக்கரத்தில் துரு ஏறியது. பூட்டுக்காரர் அதைத் துடைத்துக்கொண்டே, தாம் எந்த இடத்தில் புத்தியில்லாமல் போனோம் என்று யோசித்தார். யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், மரக்கடையிலிருந்து இரண்டு கம்பங்கள் வாங்கிவந்து, மாமனாரின் தலைமாட்டுச் சுவருக்கு முட்டுக்கொடுத்தார். வீட்டில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட கை காய்வதற்குள் துறையார் வந்துவிட்டார்கள். தலைவர் கம்பத்தைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"தம்பி, என்ன காரியம் பண்ணிட்டீங்க? இது கம்பம் இல்ல, அர்த்தத்துக்குக் குறுக்க நீங்க வெச்ச தடி. நாளைக்கு ஒரு குழந்தை கேட்டா நான் என்ன சொல்லுவேன்? மணல்ல கட்டலாம், ரெண்டு கம்பு வெச்சாப் போதும்னா?"

"மாமா மேல விழுந்துடும்னு பயமா இருக்குதுங்க."

"அந்தப் பயத்தை நாங்க ரொம்ப மதிக்கிறோம். அது முகத்துல தெரியட்டும். பிள்ளைங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்."

"அப்ப நாங்க வேற எங்கயாவது போயிடறோம்."

"காலி வீடு விழுந்தா அது விபத்து," என்றார் விளக்கவுரை அம்மா. "ஆள் இருக்கிற வீடு விழுந்தாத்தான் பாடம்."

கம்பங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். இஞ்சினியரின் நீச்சல் குளத்துக்குப் பந்தல் போட அவை உதவின என்று பின்னால் தெரிந்தது.

இனி மழைதான் பாக்கி. அந்த வருஷம் அது வருவதாகத் தெரியவில்லை. வகுப்புகள் பாதியில் நின்றன. வீடு எப்போது விழும் என்று பெற்றோர்கள் கேட்கத் தொடங்கினார்கள். தலைமையகத்தில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். பூட்டுக்காரரை முன்வரிசையில் முழங்காலில் நிறுத்தி, உருக்கமாக ஜெபிக்கச் சொன்னார்கள். அவர் கண்ணை மூடி, மழை வேண்டாம் என்று உருக்கமாக ஜெபித்தார். கண்ணீரைப் பார்த்த தலைவர் மெய்சிலிர்த்துப்போனார். எதிர்ப்பக்கம் ஜெபித்தவர்கள்தான் அதிகம். ஆண்டவர் பெரும்பான்மையைத்தான் கேட்டார்.

மழை ஒரு காலைப்பொழுதில் பிடித்துக்கொண்டது. ஆறு கரை மீறி வந்தது. காற்றும் வந்தது. துறையார் குடையும் நாற்காலியுமாக எதிரில் உள்ள மேட்டில் வந்து உட்கார்ந்தார்கள். இஞ்சினியர் மனைவி மக்களோடு வந்து, வசதியான இடத்தில் அமர்ந்தார். பிள்ளைகளுக்கு வறுத்த கடலை கொடுத்தார்கள்.

வீடு முனகியது. பூட்டுக்காரரும் மனைவியும் மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். விளக்கவுரை அம்மா குடையோடு வந்து வழியை மறித்தார்.

"இப்ப வெளிய வந்தீங்கன்னா இது வேற உவமை ஆயிடும்."

"அம்மா, அப்பா நடக்க முடியாதவரு," என்று மனைவி கெஞ்சினாள்.

மேட்டிலிருந்து தலைவர் கையை உயர்த்தினார். "மகளே, அந்த வீட்டோட வீழ்ச்சி பெரிசா இருக்கணும். அப்பா உள்ள இருந்தா அதுக்கு ஒரு கனம் கிடைக்கும்."

"போதகர் ஐயா," என்று கட்டிலிலிருந்து மாமனார் கூவினார், "அவ்வளவு தூரத்துலேருந்து ஜெபம் பண்றது சரியாக் கேக்கல. உள்ள வந்து என் பக்கத்துல உக்காந்து பண்ணுங்களேன்."

தலைவர் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குளிர்காற்று தமக்கு ஆகாது என்று சைகை செய்தார். இரண்டு தொண்டர்கள் கட்டிலை மெதுவாக உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கதவு ஒட்டவில்லை என்பதால் சாய்ந்து நின்று பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சுவர் ஒரு பெருமூச்சு விட்டது. தரை நழுவியது. மனைவி தகப்பன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டாள். அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் குடித்துக் கெட்டியான மணலில் வீடு அலுப்போடு ஒரு சாண் கீழே இறங்கி, நாலு பக்கமும் சமமாக உட்கார்ந்துவிட்டது. விரிசல் வாயை மூடிக்கொண்டது. பல்லி ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டு வாலை விட்டது. சேதம் அவ்வளவுதான்.

வெளியே குன்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. வெடிவைத்துக் குடைந்த பாறை, கார்களையும் நீச்சல் குளத்தையும் அதற்கு மேலிருந்த மாளிகையையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, அங்கே யாருமில்லை. எல்லாரும் பூட்டுக்காரரின் வீடு விழுவதைப் பார்க்க இங்கே வந்திருந்தார்கள்.

துறை மூன்று நாள் கூடிப் பேசியது. பிறகு பூட்டுக்காரரை அழைத்தது. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பலகையை எடுத்துவிடுவார்கள், வாடிக்கை திரும்பிவிடும் என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனார். ஒருவேளை மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை ஐயா என்று சொல்லிவிட வேண்டும் என்றும் தீர்மானித்திருந்தார்.

தலைவரின் முகம் தெளிவாக இருந்தது. பக்கத்தில் இஞ்சினியர், சோகத்திலும் அடக்கமாக.

"தம்பி, வேதம் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க."

"புத்தியில்லாதவன் வீடு என்ன ஆகும்?"

"விழுமுங்க. ஆனா என் வீடு..."

"அதுக்குத்தான் வரேன். புத்தியில்லாதவன் நீங்கதான்னு சபைக்கே தெரியும், பலகையே போட்டாச்சு. அதுல சந்தேகம் இல்ல. அப்ப விழுந்த வீடு எதுவோ, அதுதான் உங்க வீடு."

பூட்டுக்காரர் இஞ்சினியரைக் காட்டினார். "ஐயா, விழுந்தது இவரோட வீடுங்க."

"இவர் புத்திசாலி," என்றார் விளக்கவுரை அம்மா. "புத்திசாலி வீடு நிக்கும். ரெண்டுல நிக்கிற வீடு ஒண்ணுதான் இருக்கு. நீங்க அதுலதான் தெரியாம குடியிருந்துட்டீங்க. பரவால்ல, உங்க மேல யாருக்கும் கோபம் இல்ல."

"எனக்கும் அந்த வீடு சின்னதுதான்," என்றார் இஞ்சினியர். "ஆனா ஒரு உவமைக்காக இதைக்கூடத் தாங்கிக்கலைன்னா எப்படி?"

அன்றைக்கே வீடு மாறினார்கள். இஞ்சினியர் உள்ளே போனதும் முதல் வேலையாக அடியில் கான்கிரீட் போட அனுமதி பெற்றார். புத்திசாலி வேறு எப்படி நடந்துகொள்வார்? பூட்டுக்காரரும் மனைவியும் மாமனாரைக் கட்டிலோடு குன்றின் மேல் சுமந்து போய், பிளந்த பாறைக்கும் சரியாமல் மிஞ்சிய உடைந்த சுவர்களுக்கும் நடுவே ஒரு தார்ப்பாயைக் கட்டி அதன் கீழே இறக்கினார்கள்.

"நீச்சல் குளம் வெச்ச வீட்டுல சாகணும்னு எனக்கு ஒரு ஆசை இருந்துச்சு மாப்ள," என்றார் மாமனார். "குளத்தை மேல வெச்சுக் கட்டியிருக்கீங்க, அதான் கொஞ்சம் ஒழுகுது."

மழை விடவில்லை. தார்ப்பாயும் குளிரும் சேர்ந்து அவருடைய நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. மகள் அவரைத் தன் புடவையால் போர்த்தி, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதம் முடிவதற்குள் நாக்கும் நின்றுபோனது.

அடக்க ஆராதனையைத் தலைவரே நடத்திக்கொடுத்தார். இருக்கிற களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, தின்று குடித்து இருப்போம் என்று கிடந்த ஐசுவரியவானின் ஆத்துமா அன்றிரவே எடுத்துக்கொள்ளப்பட்டதை அவர் விளக்கினார். இந்த மனிதரும் அப்படித்தான், ஒரு கட்டிலையும் ஒரு கம்பளியையும் ஒரு பழைய ரேடியோவையும் சேர்த்துவைத்துக்கொண்டு அதன்மேலேயே படுத்திருந்தார் என்றபோது சபையில் பலர் அழுதார்கள். மகள் அழவில்லை. அவள் கையில் மண்ணை வைத்துக்கொண்டு, குழியையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து மெல்ல விரித்து, மண்ணைக் குழிக்குள் விழவைத்தார்.

இப்போது பேருந்துகள் குன்றுக்கு வருகின்றன. பலகையை ஒரு கம்பத்தில் கட்டி இடிபாட்டில் நட்டிருக்கிறார்கள். பூட்டுக்காரர் அதன் அருகே உட்கார்ந்திருப்பார். மனைவி தார்ப்பாய்க்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருப்பாள்.

போன ஞாயிறு வந்த வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். விளக்கவுரை அம்மா, மணலின்மேல் கட்டியவனின் கதியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் குனிந்து தரையைத் தட்டினாள். செருப்பைக் கழற்றி அதாலும் ஒரு தட்டு தட்டினாள்.

"மிஸ், இது பாறைதானே?"

வகுப்பு முழுவதும் குனிந்து தரையைப் பார்த்தது. பூட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். தார்ப்பாய்க்குள் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

விளக்கவுரை அம்மா சிறுமியின் தலையை வருடி, அவளைத் தம் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டார்.

"பாறை மாதிரி தெரியுது, இல்லையா கண்ணு?" என்றார். "அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."